டோக்கன் ரிங்: வட்டப் படத்தை நம்பி எழுதும் தவறுகள்

நெட்வொர்க் பாடத்தில், கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பழைய முறையான டோக்கன் ரிங் என்றால் ஒரு வட்டம் வரைந்து, அதன்மேல் நாலைந்து கம்ப்யூட்டர்களை ஒட்டியிருப்பார்கள். 'ஒன்று படுத்தால் எல்லாம் படுத்துவிடும்' என்று கீழே ஒரு குறைபாடும் இருக்கும். தேர்விலும் அதையே எழுதிவிட்டு வருகிறோம். ஐபிஎம் 1985-இல் கொண்டுவந்த டோக்கன் ரிங்குக்கு இது அப்படியே பொருந்தாது.

அதில் கேபிள் அறையைச் சுற்றி வட்டமாக ஓடாது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரு கேபிள் நடுவிலுள்ள எம்ஏயூ என்ற பெட்டிக்கு வரும். வளையம் அந்தப் பெட்டிக்குள்தான். ஐபிஎம் 8228 பெட்டியில் கம்ப்யூட்டர்களுக்கு 8 போர்ட். கரண்ட் இணைப்புகூட வேண்டாம். கம்ப்யூட்டரில் இருக்கும் நெட்வொர்க் கார்டு, கேபிள் வழியாகக் கொஞ்சம் மின்னழுத்தம் கொடுக்கும். உள்ளே ரிலே (மின்சாரத்தால் மாறும் சின்ன சுவிட்ச்) 'டக்' என்று மாறி அந்தக் கம்ப்யூட்டரை வளையத்தில் சேர்த்துக்கொள்ளும். அணைத்தால் ரிலே பழைய நிலைக்குத் திரும்பும், மற்றவர்கள் வேலை அதுபாட்டுக்கு நடக்கும். பெட்டியை இடம் மாற்றும்போது குலுங்கி, ரிலே தப்பான பக்கம் நின்றுவிடுவதும் உண்டு. அதற்காகவே போர்ட் போர்ட்டாகச் செருகி ரிலேயைச் சரிசெய்ய ஒரு சின்னக் கருவியையும் பெட்டியோடு கொடுத்தார்கள்.

அப்போது மொத்த வளையமும் படுக்கவே படுக்காதா? படுக்கும், ஆனால் வேறு காரணத்தால். நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் ஓடும் வளையம் உண்டு, பிறகு வந்த 16 மெகாபிட் வளையமும் உண்டு. 16-இல் ஓடும் வளையத்தில் 4-க்கு அமைத்த கார்டு ஒன்றைச் செருகினால் போதும், எல்லோருக்கும் வேலை நின்றுவிடும். குறைபாடு என்று எழுதுவதானால் இதை எழுதுங்கள்.

அடுத்த தவறு, போட்டி முறையான ஈதர்நெட்டோடு ஒப்பிட்டு, '4 மெகாபிட், ஈதர்நெட்டோ 10, ஆகவே இது மெதுவானது' என்று போடும் கணக்கு. முன்பெல்லாம் ஒற்றைத் தண்டவாளப் பாதையில் ஸ்டேஷனில் டோக்கன் வாங்காமல் ரயில் கிளம்பாது. இங்கேயும் வளையத்தைச் சுற்றிவரும் டோக்கன் கையில் இருப்பவர்தான் தகவல் அனுப்ப முடியும், அதனால் இருவர் ஒரே நேரத்தில் அனுப்பி மோதுவதே கிடையாது. நெரிசல் நேரத்திலும் ஒருவர் அதிகபட்சம் எவ்வளவு காத்திருப்பார் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். ஒரே கேபிளைப் பங்கிட்ட அன்றைய ஈதர்நெட்டில் அந்த உறுதி கிடையாது. மோதினால் மறுபடி அனுப்ப வேண்டியதுதான். ஆனால் கூட்டமே இல்லாத நேரத்தில் டோக்கனுக்குக் காத்திருப்பது தண்டம், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொழில்நுட்பம் மட்டமானது, அதனால் தோற்றது என்று முடிப்பதும் சரியில்லை. கார்டும் பெட்டியும் விலை அதிகம். அப்புறம் ஈதர்நெட்டில் சுவிட்ச் என்ற பெட்டி வந்து ஆளுக்கொரு தனிப்பாதை கொடுத்துவிட்டது. மோதல் இல்லை என்ற பெருமை அதோடு போனது. 100 மெகாபிட் ஈதர்நெட் தரநிலை 1995-லேயே வந்தாயிற்று. டோக்கன் ரிங் அதே வேகத்துக்கு வருவதற்குள் வாங்க ஆளில்லை.