உற்பத்தி நின்றுபோன செர்வோ டிரைவுக்கு ஸ்பேர் தேடுறீங்களா?

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைல பழைய மெஷின் வச்சிருக்கிறவங்களுக்காக எழுதுறேன். செர்வோ டிரைவ்னா மெஷின் மோட்டாரோட வேகத்தையும் நிலையையும் கட்டுப்படுத்துற யூனிட். முதல்ல நேம்பிளேட்டுல படிஞ்ச எண்ணெயைத் துடைச்சு, முழு மாடல் நம்பரையும் போட்டோ எடுங்க. கடைசி எழுத்து ஒண்ணு மாறினாலே என்கோடர் (மோட்டார் எவ்வளவு சுத்துதுன்னு சொல்ற சென்சார்) வகை மாறிடலாம். நான் அதைக் கவனிக்காம வாங்கி, கனெக்டரே பொருந்தாம ரெண்டு நாள் லைன் நின்னுச்சு.

டிரைவ் ஓடிட்டு இருக்கும்போதே பாராமீட்டர் எல்லாத்தையும் எழுதி வைங்க. இது ரொம்ப முக்கியம், ஸ்பேர் கிடைச்சாலும் செட்டிங் இல்லேன்னா மெஷின் ஓடாது.

பழைய ஸ்டாக் வாங்கினா தயாரிப்புத் தேதியைப் பாருங்க. வருஷக்கணக்கா சும்மா கிடந்த டிரைவுக்கு எடுத்த எடுப்புல முழு வோல்டேஜ் கொடுத்தா உள்ளே இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வெடிச்சிடலாம். விஷயம் தெரிஞ்ச எலக்ட்ரீஷியனை வச்சு, வேரியாக்ல (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர்) வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க.