இரண்டு தண்ணீர் வரும் வீட்டில் எதைக் குடிப்பது, எப்படிக் காப்பது?

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு போன்ற ஊர்களில் பல வீடுகளுக்கு இரண்டு வகைத் தண்ணீர் கிடைக்கிறது. 2013-ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீர் ஒன்று. வீட்டிலோ தெருவிலோ இருக்கும் போர் தண்ணீர் மற்றொன்று. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். கிருமியால் வரும் கேடு வேறு, கரைந்திருக்கும் உப்பால் வரும் கேடு வேறு. ஒன்றைப் போக்கும் வழி மற்றொன்றைப் போக்காது என்பதால், எந்தத் தண்ணீரில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.

இப்பகுதியின் பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து புளோரைடு என்னும் உப்பு நிலத்தடி நீரில் கரைகிறது. பாறையோடு நெடுங்காலம் தங்கிய நீரில் அது கூடுதலாக இருக்கும் என்பதால், ஆழமாகப் போட்ட போர் என்றாலே நல்ல தண்ணீர் என்று எண்ணிவிடக் கூடாது. புளோரைடுக்கு நிறமோ மணமோ இல்லை. குடிநீரில் இருக்கும் அளவில் அது நாக்குக்கும் தெரியாது. உப்புக் கரிக்காத, சோப்பு நன்றாக நுரைக்கிற தண்ணீரிலும் அது மிகுந்திருக்கலாம், ஏனெனில் சுண்ணாம்புச் சத்து குறைந்த நீரில்தான் புளோரைடு படியாமல் கரைந்தே நிற்கிறது. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயது வரை, இந்தத் தண்ணீரையே குடித்து வளரும் குழந்தைகளுக்குப் பல்லில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறையும் விழும்; எவ்வளவு துலக்கினாலும் அந்தக் கறை போகாது. பெரியவர்களுக்குப் பல ஆண்டுகளில் மூட்டும் முதுகெலும்பும் இறுகத் தொடங்கும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிய பிறகு, மாதிரியைப் பிடித்து இறுக மூடுங்கள். கிருமிச் சோதனைக்கு வீட்டு பாட்டில் உதவாது; கூடத்திலேயே கிருமி நீக்கிய பாட்டிலை வாங்கி, பிடித்த தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்துச் சில மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் அளவுகள் மாறும் என்பதால், கோடையில் ஒருமுறையும் பருவமழை முடிந்த பின் ஒருமுறையும் சோதிப்பது நல்லது.

அறிக்கை வந்ததும் முதலில் மூன்று வரிகளைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500-இன்படி, புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை ஏற்கலாம். நைட்ரேட் 45 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி 100 மில்லி நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட்டும் ஈ.கோலையும் சேர்ந்தே மிகுந்திருந்தால், அருகிலுள்ள செப்டிக் டேங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

புளோரைடு மிகுந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தால், நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். மண்பானையோ துணி வடிகட்டியோ யு.வி. விளக்கோ அதை நீக்காது. ஆர்.ஓ. கருவி நீக்கும், ஆனால் கருவியிலிருந்து வரும் தண்ணீரையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். கருவி விற்க வருபவர் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் கலங்கிப் பழுப்பாவதைக் காட்டினால் மிரள வேண்டாம்: உப்பு கரைந்த நீரில் மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பிதான் கரைந்து துருவாக மிதக்கிறதே தவிர, அது உங்கள் தண்ணீரின் அழுக்கு அல்ல. டி.டி.எஸ். மீட்டரும் மொத்த உப்பைத்தான் காட்டும். புளோரைடைத் தனியே காட்டாது. ஆர்.ஓ. வெளியே தள்ளும் கழிவுநீரில் உப்பு செறிந்திருப்பதால், அதைத் தரை கழுவப் பயன்படுத்தலாம், மாட்டுக்கு வைக்கக் கூடாது.

காவிரித் தண்ணீர் வருகிற வீட்டில், அதைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் தனியே ஒதுக்கி, போர் தண்ணீரைக் குளிக்கவும் துணி துவைக்கவும் வைத்துக்கொள்வதே என் கருத்தில் செலவு குறைந்த வழி. சமையலை மறந்துவிடக் கூடாது. சோறும் பருப்பும் வேகும்போது தண்ணீரோடு புளோரைடையும் சேர்த்தே உறிஞ்சிக்கொள்கின்றன.

குழாய்த் தண்ணீரில் பெரும்பாலும் கிருமிதான் கவலை. விட்டு விட்டு வரும் குழாயில் அழுத்தம் குறையும் நேரத்தில், கசியும் இணைப்புகள் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படலாம். குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இந்த ஆபத்து பன்மடங்காகும், தெருவுக்கே கேடு. முதலில் வரும் கலங்கல் நீரைக் குடத்தில் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். சம்ப்பில் சேர்த்த தெளிந்த நீருக்கு ஆயிரம் லிட்டருக்குப் புதிய பிளீச்சிங் பவுடர் 4 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவு, போதும். அதை ஒரு வாளி நீரில் கலக்கி, தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயுவான குளோரின் கிளம்பும்.

சம்ப் மூடியைப் பூட்டியே வைக்க வேண்டும், தகரத்தைச் சாய்த்து வைப்பது குழந்தை இருக்கும் வீட்டில் மூடியாகாது. நெடுநாள் மூடிக் கிடந்த தொட்டியில் உயிர்க்காற்று குறைந்திருக்கலாம். கழுவ இறங்கும் முன் மூடியைப் பல மணி நேரம் திறந்துவைத்து, ஃபேன் வைத்துக் காற்றை உள்ளே செலுத்துங்கள். டீசல் அல்லது பெட்ரோல் பம்பை உள்ளே இறக்காதீர்கள். இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்க, மேலே இருவர் நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால், மேலே நிற்பவர் பின்னால் குதிக்காமல் கயிற்றால் தூக்கிவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். காப்பாற்றக் குதித்தவர்களும் சேர்ந்து இறப்பதே இத்தகைய விபத்துகளில் நேரும் பெருங்கொடுமை.

மோட்டாரைத் தொடும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். எர்த் இணைப்புடன், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவி ஒன்றும் பொருத்துங்கள். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்த்து, உடனே மின்சாரம் நிற்கவில்லையென்றால், எலெக்ட்ரீஷியனை அழைத்து அன்றே மாற்றிவிடுங்கள்.