வேற்று நாட்டுச் சாப்பாடா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

பல நாட்டு மக்கள் குடியேறிய நகரத்தில் இருந்துகொண்டு, பழகிய நாலு கடைகளிலேயே மாற்றி மாற்றிச் சாப்பிடுவது வீண். புதிய கடை தேடும்போது எல்லோரும் நட்சத்திர மதிப்பீட்டைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது, அந்த மக்களே எப்போது வந்து சாப்பிடுகிறார்கள் என்பதை.

சீனர்களின் டிம் சம், அதாவது ஆவியில் வேகவைத்தது போன்ற சின்னச் சின்னப் பலகாரங்கள், காலையிலிருந்து மதியம் வரை தேநீரோடு சாப்பிடும் சமாச்சாரம், ஞாயிறு காலை போனால் வட்ட மேசையைச் சுற்றி மூன்று தலைமுறையும் உட்கார்ந்திருக்கும், சமையலறையும் அந்த நேரத்தில்தான் முழு வேகத்தில் ஓடும். வியட்நாமியரின் ஃபோ நூடுல்ஸ் சூப்பும் அவர்கள் ஊரில் காலை உணவுதான். எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து எடுக்கும் சாறு, தீர்ந்துவிட்டால் உடனே இன்னொரு பானை வைத்துவிட முடியாது. எத்தியோப்பியக் கடைக்கு புதன் அல்லது வெள்ளி போய்ப் பாருங்கள். அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு அவை விரத நாட்கள், இறைச்சி, பால், முட்டை எதையும் தொட மாட்டார்கள், அதனால் பருப்பும் காய்கறியும் விதவிதமாக வரும்.

கடையைக் கண்டுபிடிக்க, அந்த நாட்டு மளிகைக்கடைக்குள் முதலில் நுழையுங்கள். கல்லாவில் இருப்பவரிடம் "நீங்க எங்கே சாப்பிடுவீங்க?" என்று கேட்டால் போதும். மெனு சின்னதாக இருந்தால் நல்லது. சுஷி, பீட்சா, தாய்லாந்துக் கறி மூன்றும் ஒரே அட்டையில் இருந்தால் நான் திரும்பி நடந்துவிடுவேன். சுவரில் அவர்கள் மொழியில் ஏதாவது கையால் எழுதி ஒட்டியிருக்கிறதா? அதைக் காட்டி என்னவென்று கேளுங்கள். "எது நல்லா இருக்கும்?" என்று மட்டும் கேட்காதீர்கள், புதுமுகம் என்று பார்த்ததும் காரமும் புளிப்பும் குறைந்த ஏதோ ஒன்றைத் தள்ளிவிடுவார்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒன்று. "இது சைவமா?" என்ற கேள்வி பல இடங்களில் வேலைக்கு ஆகாது. தாய்லாந்து, வியட்நாமியச் சமையலில் காய்கறி வறுவலிலும் மீன் சாஸ் இருக்கும், கொரியர்களின் காரமான முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சியில் பெரும்பாலும் இறாலோ மீனோ கலந்திருக்கும். எனவே மீன் சாஸ் உண்டா, இறால் உண்டா, எலும்புச் சாறா என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

அப்புறம், எப்படிச் சாப்பிடுவது என்று பக்கத்து மேசையைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் வெட்கமே வேண்டாம். எத்தியோப்பிய இன்ஜெராவை, அதாவது புளித்த மாவில் செய்த தோசை மாதிரியான ரொட்டியை, வலது கையால் பிய்த்து, அதிலேயே குழம்பை அள்ள வேண்டும். தாய்லாந்துச் சாப்பாட்டில் சோற்றுக்குக் குச்சி கேட்கத் தேவையில்லை, கரண்டிதான், முள்கரண்டி அதில் தள்ளிவிட மட்டும். இதெல்லாம் தெரியாமல் ஒருமுறை ஜார்ஜியா நாட்டின் ஹின்காலியை, அதாவது உள்ளே சாறு நிறைந்த கொழுக்கட்டை மாதிரியான ஒன்றை, முள்கரண்டியால் குத்தினேன். சாறு முழுக்கச் சட்டையில். மேலே குடுமி போல இருக்கும் மடிப்பைப் பிடித்துத் தூக்கி, ஓரத்தில் சின்னதாகக் கடித்து, முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டுமாம். அந்தக் குடுமியைச் சாப்பிடாமல் தட்டில் போட்டுவிடலாம், யார் எத்தனை உள்ளே தள்ளினார்கள் என்று கடைசியில் எண்ணிப் பார்க்க உதவும்.