தபாலில் ரெக்கார்டு வாங்குகிறவர்களுக்கு

எங்கள் அப்பா கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் மைக் செட் வைத்திருந்தார். சடங்கு வீடு, கல்யாண வீடு, அம்மன் கொடை எதுவானாலும் முதல் நாளே கூம்புக் குழாயை வேப்பமரத்தில் ஏற்றிக் கட்டிவிட்டு, கிராமபோன் ரெக்கார்டுப் பெட்டியோடு உட்கார்ந்துவிடுவார். கேசட் வந்ததும் அந்தப் பெட்டி மொத்தமும் பேரீச்சம்பழத்துக்குப் போனது. அன்று தள்ளிவிட்டதை இன்று நான் ஒன்றொன்றாக விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

நான் இருக்கும் ஊரில் ரெக்கார்டு விற்கிற கடை கிடையாது. ஒன்பது வருஷமாக எல்லாம் தபாலிலும் கூரியரிலும்தான். இதுவரை நூற்றிருபது சொச்சம் வந்திருக்கிறது. அதில் மூன்று உடைந்து வந்தன, இரண்டு நெளிந்து வந்தன, பதினைந்து போல சொன்னது ஒன்று வந்தது ஒன்று. அந்தக் கடைசிக் கணக்கைக் கவனியுங்கள். வழியில் கெட்டவை கொஞ்சம்தான். கிளம்பும்போதே கெட்டிருந்தவைதான் ஜாஸ்தி. அதனால் பாதி வேலை காசு கட்டும் முன்பே இருக்கிறது.

காசு கட்டும் முன்

விற்கிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, "நல்ல கண்டிஷன்க்கா, சூப்பரா ஓடும்." ஓடும் என்பதற்கு முள் தாவாமல் கடைசி வரை போகும் என்பதற்கு மேல் பொருள் இல்லை. கொஞ்சம் விவரமான ஆட்கள் தரக்குறியீடு சொல்வார்கள். 1974இல் தொடங்கிய கோல்ட்மைன் என்ற அமெரிக்கப் பத்திரிகையின் கணக்கு அது. ரெக்கார்டு வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்திலும் அதையே பின்பற்றுகிறார்கள். மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று இறங்கிக்கொண்டே போகும். வேடிக்கை என்னவென்றால், இதில் 'குட்' என்றால் நல்லது இல்லை. தாவாமல் ஓடும், ஆனால் பாட்டு முழுக்க இரைச்சல் கூடவே வரும். 'வெரி குட்' என்றாலும் சத்தம் குறைந்த இடங்களில் சடசடப்பு கேட்கும், நகத்தால் தடவினால் கீறல் தட்டுப்படும். நிம்மதியாகப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் 'வெரி குட் பிளஸ்' கேளுங்கள். தட்டுக்கு ஒரு தரம், உறைக்கு ஒரு தரம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். உறை பளபளவென்று இருந்து தட்டு பல்லிளிப்பதும் உண்டு, நேர்மாறாகவும் உண்டு.

குறியீட்டை நம்பிக் காசு அனுப்புவதை நான் விட்டுப் பல வருஷம் ஆகிறது. படம் கேட்கிறேன். ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே எடுத்த படம் பிரயோஜனமில்லை, எல்லா ரெக்கார்டும் அதில் புதுசாகத்தான் தெரியும். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் தட்டின் மேல் வழுக்கிப் போகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். கீறல், கைரேகை, பூஞ்சைப் புள்ளி எல்லாம் அப்போது எழுந்து நிற்கும். இரண்டு பக்கமும் வேண்டும்.

அடுத்து நடு ஓட்டையை நெருக்கத்தில் எடுக்கச் சொல்லுங்கள். இது நான் அப்பாவிடம் பார்த்தது. ராத்திரி இரண்டு மணிக்குப் பந்தலில் நாற்பது வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் ரெக்கார்டு மாற்றுவார். நடுவில் இருக்கும் கம்பி ஓட்டையில் உடனே இறங்காது. தட்டை இப்படியும் அப்படியும் தடவித் தேடுவார். அப்படித் தேடும் ஒவ்வொரு தடவையும் லேபிளில் ஒரு மெல்லிய கோடு விழும். லேபிளில் இருக்கும் எச்.எம்.வி. நாய் படத்தைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி கோடுகள் இருந்தால், அந்த ரெக்கார்டு நிறைய பந்தல் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். ஓரிரண்டு கோடுதான் என்றால் யாரோ வீட்டு அலமாரியில் சாதுவாக இருந்த ஆள்.

ஏன் இதற்கு இத்தனை முக்கியம் தருகிறேன் என்றால், என் கைக்கு வரும் தமிழ்ப் படப்பாட்டு ரெக்கார்டுகளில் நிறைய மைக் செட்காரர்களிடமிருந்து வந்தவை. உறையில் 'சவுண்ட் சர்வீஸ்' ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும், ஹிட்டான பாட்டுக்குப் பக்கத்தில் பேனாவில் ஒரு சுழி இருக்கும். குழந்தைகள் ஓடி ஆடும் பந்தலில் முள் தாவாமலிருக்க அப்பா நாலணாக் காசு ஒன்றை முள் இருக்கும் தலைமேல் வைத்து ஒட்டியிருப்பார். முள் தாவாது, சரி. ஆனால் அந்த எடை, முள் ஓடும் பள்ளத்தின் சுவரைத் தேய்த்துவிடும். இந்தத் தேய்மானம் கீறல் மாதிரி படத்தில் தெரியாது. கறுப்பு கொஞ்சம் சாம்பல் பூத்தது போல இருக்கும், அவ்வளவுதான். கழுவினாலும் போகாது.

தேய்மானத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஓட விட்டு வீடியோ கேட்பது. பக்கத்தின் முதல் பாட்டு வேண்டாம், கடைசிப் பாட்டைக் கேளுங்கள். தட்டின் உள்பக்கம் போகப் போகப் பள்ளம் நெருங்கிச் சுருங்குகிறது, தேய்ந்திருந்தால் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். பாடகி 'ச', 'ஸ' சொல்லும் இடமெல்லாம் எச்சில் தெறிப்பது போலப் பிளந்து கேட்டால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவானாலும். 'மிஷின் ரிப்பேர்க்கா, ஓட்டிக் காட்ட முடியாது' என்று பதில் வரும். சரி, அப்படியானால் விலையும் ஓட்டிப் பார்க்காத ரெக்கார்டின் விலையாக இருக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள். பாதி நேரம் மிஷின் சரியாகிவிடும்.

பார்சல் கட்டச் சொல்லும் விதம்

விற்பவருக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதில் கூச்சமே வேண்டாம். நான் ஒரு செய்தியை எழுதி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அதையே ஒட்டி அனுப்பிவிடுவேன்.

முதல் விஷயம், தட்டை அட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, உள் காகித உறையோடு தனியாக, அட்டை உறைக்குப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். உள்ளேயே விட்டால், பார்சல் ஓர் ஓரமாகக் கீழே விழும்போது தட்டின் விளிம்பு கத்தி மாதிரி உறையின் தையலைக் கிழித்துவிடும். நாற்பது ஐம்பது வருஷத்து அட்டை, தாங்காது. இரண்டாவது, மேலும் கீழும் கெட்டியான அட்டை. அட்டையின் நெளிவரி ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே இருக்க வேண்டும். ஒரே திசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்து மடங்கும். 12 அங்குலத் தட்டுக்கு அட்டை உறை ஏறக்குறைய 31 சென்டிமீட்டர். பெட்டி அதைவிடச் சுற்றிலும் இரண்டு விரற்கடை பெரிதாக இருக்கட்டும், மூலை இடிபட்டாலும் உறைக்கு அடி படாது. ஆனால் உள்ளே ஆடவும் கூடாது. பீட்சா பெட்டியில் வைத்து அனுப்பிய ஒருவர் உண்டு. அளவு என்னவோ கச்சிதம்தான், ஆனால் மேலே வைத்த அடுத்த பார்சலின் எடைக்கு அது அப்பளமாக நொறுங்கியிருந்தது.

மூன்றாவது, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டியபின் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இது இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

78 வேகத்து, அதாவது நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய ரெக்கார்டுகள் தனி ரகம். அவை வினைல் என்ற பிளாஸ்டிக் இல்லை, அரக்குக் கலவை. வினைல் வளையும், அரக்கு ஓடு மாதிரி உடையும். எனக்கு உடைந்து வந்த மூன்றுமே 78தான். ஒன்று கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டுக்கு நடுவில் வந்தது. மேலே சிவப்பு ஸ்கெட்சில் 'உடையும் பொருள்' என்று பெரிதாக எழுதியிருந்தார் அந்த மனிதர். எழுத்து உடையாமல் வந்து சேர்ந்தது. 78 வாங்கினால் பஞ்சோ, காற்றுக்குமிழிப் பிளாஸ்டிக்கோ இரண்டு சுற்று, அப்புறம் பெட்டிக்குள் பெட்டி. அவ்வளவு செய்ய விற்பவருக்கு மனமில்லையென்றால் வாங்காதீர்கள். அதற்கு முள்ளும் தடிமனானது வேண்டும், மெல்லிய முள்ளில் ஓட்டக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

காலம் பார்ப்பதும் முக்கியம். சித்திரை, வைகாசியில் நான் ரெக்கார்டு வரவழைப்பதில்லை. ஒருமுறை ஆசை தாங்காமல் மே மாதம் வாங்கினேன். நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, கொண்டுவந்த பையன் மின்சார மீட்டர் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். நாலு மணி நேரம் நல்ல வெயில். பிரித்தபோது தட்டின் ஒரு பக்கம் பொரித்த அப்பளம் மாதிரி எழும்பியிருந்தது. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து வெயிலில் காட்டினால் நிமிரும் என்றார்கள். நிமிர்ந்தது, ஆனால் பள்ளங்களும் சேர்ந்து மழுங்கிவிட்டன. அதற்குப் பிறகு பார்சல் எல்லாம் அலுவலக முகவரிக்குத்தான்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் தபால் செலவோடு சுங்கவரியையும் விலையில் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ரெக்கார்டின் விலையைவிட மற்றதெல்லாம் அதிகம் ஆகிவிடும். எனக்கு அது கட்டுப்படியாகவில்லை.

வந்த பிறகு

பிரிக்கும் முன் போனை எங்கேயாவது சாய்த்து வைத்து வீடியோவை ஓட விடுங்கள். பெட்டியின் ஆறு பக்கமும், முகவரிச் சீட்டும் அதில் தெரிய வேண்டும். வெட்டாமல் ஒரே ஓட்டமாக இருக்கட்டும். கத்தியை ஆழமாக இறக்காதீர்கள். பேக்கிங் டேப்பை அறுக்கப் போய் உறையையும் சேர்த்து அறுத்த சாமர்த்தியசாலிகளில் நானும் ஒருத்தி.

எடுத்ததும் ஓட்ட வேண்டாம். வண்டியின் சூட்டிலிருந்து வந்திருக்கிறது, ஒரு மூன்று நான்கு மணி நேரம் நிமிர்த்தி வைத்து வீட்டுச் சூட்டுக்கு வரட்டும். அதற்குள் உறையைப் பாருங்கள். மூக்கில் வைத்தாலே பாதி தெரிந்துவிடும்: பாச்சா உருண்டை வாசம் என்றால் பத்திரமாக வைத்திருந்த வீடு, ஈர மண் வாசம் என்றால் பூஞ்சை. ராமபாணப் பூச்சி அரித்த உறையை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். மெல்லிய பி.வி.சி. கவர் தட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தால் அதைத் தூக்கி எறியுங்கள். நம் ஊர் வெக்கையில் அது இளகித் தட்டின்மேல் மேகம் படிந்த மாதிரி கறை விட்டுவிடும்.

பிறகு தட்டைச் சுழல விட்டு, முள் வைக்காமல், கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். விளிம்பு சற்றே ஏறி இறங்கினால் பரவாயில்லை, முள்ளைத் தாங்கும் கைக்கம்பி அதோடு ஏறி இறங்கிக்கொள்ளும். படகு மாதிரி ஆடினால் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுவாமல் ஓட்டாதீர்கள். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் உப்பு. காய்ந்ததும் பள்ளத்துக்குள் வெள்ளை வெள்ளையாக நிற்கும். நான் மெக்கானிக் கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீரை வாங்குகிறேன், டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்டாலும் தருவார்கள். ஒரு லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மெல்லிய மைக்ரோஃபைபர் துணி. பள்ளம் போகும் வட்டத்திலேயே துடைக்க வேண்டும், குறுக்கே இழுக்கக் கூடாது. லேபிள் நனையாமல் ஒரு சிறு தட்டால் மூடிக்கொள்ளுங்கள். அப்புறம் சோப்பில்லாத வெறும் தண்ணீரில் ஒருமுறை, நிழலில் உலர்த்தல். 78ஐ ஸ்பிரிட், சானிடைசர் எதாலும் துடைக்காதீர்கள், அரக்கு சாராயத்தில் கரையும்.

இப்போது ஓட்டலாம். டப், டப் என்று சத்தம் வந்தால் எண்ணிப் பாருங்கள். 33 வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும். சரியாக அந்த இடைவெளியில் வந்துகொண்டே இருந்தால் கீறல். முறையில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் தூசி, இன்னொருமுறை கழுவினால் குறையும். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் ஊரே பழமொழியாகச் சொல்லும் கீறல் விழுந்த ரெக்கார்டு.

புகார் சொல்லும் முன் வேகத்தையும் பாருங்கள். ஒருமுறை பெரிய தட்டு ஒன்று வந்தது. வழக்கம்போல 33இல் போட்டால் பாடகி கிணற்றுக்குள்ளிருந்து தாத்தா குரலில் பாடுகிறார். கோபத்தோடு விற்ற தம்பிக்கு நீளமாகச் செய்தி அனுப்பிவிட்டேன். அவர் பதிலுக்கு லேபிளின் படத்தை அனுப்பினார், '45' என்ற எண்ணைச் சுழித்து. 12 அங்குலத்திலும் 45 வேகத்தில் ஓடும் தட்டுகள் நம் நாட்டில் வந்திருக்கின்றன. "மன்னிச்சுக்கோ தம்பி" என்று எழுதினேன். "பரவாயில்லக்கா, எல்லாருக்கும் நடக்கும்" என்றார். அவரிடம்தான் இன்னமும் வாங்குகிறேன்.

உண்மையிலேயே குறை இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், நாலு நாள் ஆறப்போட்டால் நீங்கள் ஓட்டிக் கெடுத்தது என்றாகிவிடும். எந்தப் பக்கம், எத்தனையாவது பாட்டு, என்ன சத்தம் என்று குறிப்பாக எழுதி, வீடியோவையும் விற்கும்போது அவர் அனுப்பிய படத்தையும் பக்கத்தில் வையுங்கள். 'வெரி குட்' என்று சொல்லி விற்றதில் லேசான சடசடப்பு இருந்தால் அது குறையில்லை, அதற்குத்தான் அந்த விலை. முள் தாவினாலோ, சொல்லாத நெளிவு இருந்தாலோ கேட்பது நியாயம். முழுப் பணத்தையும் கேட்டால் இழுபறியாகும். ரெக்கார்டை வைத்துக்கொண்டு பாதிப் பணம் கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுகிறார்கள்.

திருப்பி அனுப்பத்தான் வேண்டுமென்றால் வந்த அதே பெட்டியில், அதே அட்டைகளோடு அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் இரண்டு மூன்று வாரத்துக்காவது பெட்டியை எறியாதீர்கள். எங்கள் வீட்டுப் பரணில் இப்போது பதினேழு இருக்கின்றன. பொங்கலுக்கு வீடு ஒதுங்கவைக்கும்போது அவற்றை என்ன செய்வது என்று வருஷா வருஷம் ஒரு சண்டை.