கால்பிடிப் பொறிக்கு அடிமண்ணும் மேல்மண்ணும் தேர்ந்தெடுக்கும் முறை

வட அமெரிக்காவில் உரிமம் பெற்ற பொறிக்காரர்கள் கொயோட்டிகளையும் (ஓநாயைப் போன்ற, அதைவிடச் சிறிய காட்டுவிலங்கு) நரிகளையும் பிடிக்கவும், ஆய்வாளர்கள் ஓநாய்களுக்கு ரேடியோ பட்டை மாட்டவும் மண்ணுக்குள் மறைத்து வைக்கும் கால்பிடிப் பொறியைப் பயன்படுத்துகிறார்கள். அங்கும் கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன. இந்தியாவிலோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொறி வைப்பதையும் வேட்டை என்றே கொள்கிறது. எனவே கீழே சொல்லப்படுபவை அனுமதி உள்ள இடத்துக்கும் அனுமதி பெற்ற கைகளுக்கும் மட்டுமே உரியவை.

மறைப்பதைப் பற்றியே பலரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது பொறியின் அடியிலும் பக்கங்களிலும் இடும் மண்ணைத்தான். விலங்கு பொறியின் நடுத்தட்டை மிதித்ததும், வில்களின் விசையால் இரு தாடைகளும் மூடி அதன் காலைப் பற்றிக்கொள்ளும். தாடையின் ஓரத்தில் கொயோட்டி கால் வைக்கும்போது பொறி சற்றே ஆடினாலும், அது உடனே காலை எடுத்துவிடும். பல சமயம் பொறியையே தோண்டி வெளியே போட்டுவிடும். பொறியைக் குழியில் அமர்த்தியபின் தாடைகளையும் வில்களையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். எங்கேனும் ஆட்டம் தெரிந்தால் அந்த இடத்தில் மண்ணை இறுக்கி மீண்டும் அழுத்திப் பார்க்க வேண்டும். நடுத்தட்டின் அடியில் மட்டும் மண் புகக்கூடாது. புகுந்து இறுகினால் தட்டு இறங்காது. கொசுவலைத் துண்டால் தட்டை மூடியோ, அதன் அடியில் சிறிது செயற்கைப் பஞ்சை வைத்தோ இதைத் தடுக்கலாம்.

வறண்ட காலத்தில் அந்த இடத்து மண்ணே போதும். 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்துக் கல்லையும் வேரையும் நீக்குங்கள். தாடைகளுக்கு நடுவே ஒரு கூழாங்கல் சிக்கினால்கூட அவை முழுமையாக மூடாது. குளிர்காலத்துக்கு வேண்டிய மண்ணைக் கோடையிலேயே காயவைத்து மூடிய வாளிகளில் சேமிப்பது நல்லது.

உறைபனிதான் உண்மையான சோதனை. பகலில் பனி உருகி இரவில் இறுகும் இடத்தில் சாதாரண மண் சிமெண்ட் போலாகிவிடும். அங்கே நான் முதலில் பரிந்துரைப்பது மெழுகு மண். நன்கு காய்ந்த நுண்மண்ணிலோ மணலிலோ பாரஃபின் மெழுகுச் சீவல்களைக் கலந்து, கருந்தார்ப்பாயில் பரப்பிக் கோடை வெயிலில் கிளறிவிட்டால், மெழுகு உருகி ஒவ்வொரு துகளிலும் படியும். ஆறியபின் ஒரு பிடி எடுத்துத் தண்ணீர்த் துளி விடுங்கள்: துளி உள்ளே இறங்காமல் மணியாக உருண்டால் மண் தயார். மேலே மட்டும் தூவுவதில் பயனில்லை. அடியிலிருந்து ஈரம் ஏறி உறையுமாதலால் குழி முழுவதையும் இதனாலேயே நிரப்ப வேண்டும்.

பீட் பாசி (சதுப்பு நிலத்தில் பாதி மட்கிய பாசி) மலிவானது, கொட்டும்போது காய்ந்திருக்கும். ஆனால் நனைந்தால் அதுவும் உறைந்துவிடும், பஞ்சுபோல் நெகிழ்வதால் இறுக்குவதும் கடினம். பக்வீட் என்ற தானியத்தின் உமிக்கு உறையும் தன்மை குறைவு, ஆயினும் காற்றில் பறந்துவிடும். உப்பும் கால்சியம் குளோரைடும் உறைவதைத் தள்ளிப்போடும், கூடவே இரும்பை அரிக்கும். வாகன எஞ்சின் நீர் உறையாமலிருக்க ஊற்றும், எத்திலீன் கிளைக்கால் கலந்த திரவத்தைத் தொடவே வேண்டாம். அதை நக்கும் நாயும் பிற விலங்கும் இறந்துவிடும்.

பொறியை மூடி மறைக்கும் மேல்மண் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் கனம் இருந்தால் போதும். பீட் பாசியோ உமியோ இட்டிருந்தால், அதன் நிறம் தெரியாதபடி அவ்விடத்து மண்ணையும் சருகுத் தூளையும் மெல்லத் தூவி முடியுங்கள். மழையோ பனியோ பெய்தால், மறுமுறை பார்க்கச் செல்லும்போது தட்டு தாராளமாக இறங்குகிறதா என்று சரிபார்த்துவிட்டே புதிதாக மண் இடுங்கள்.