வேகமா ஓடுற ஆத்துல குறுகலான பாலத்துக்குள்ள போட் ஓட்டறது எப்படி?

இங்கிலாந்துல தேம்ஸ் ஆத்துல நேரோபோட் வாடகைக்கு எடுத்து முதல் தடவை ஓட்டப் போறவங்களுக்காக இதை எழுதறேன். இந்த போட்டுக்கு அகலம் 2 மீட்டர் சொச்சம்தான், ஆனா நீளம் 22 மீட்டர் வரைக்கும் போகும், எடை டன் கணக்குல, பிரேக்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

முதல்ல லாக்ல (போட்டை ஏத்தி இறக்க ஆத்துல கட்டியிருக்கிற மதகுத் தொட்டி) மாட்டியிருக்கிற ஓட்ட எச்சரிக்கை போர்டைப் பாருங்க. சிவப்புன்னா கிளம்பவே வேண்டாம், மஞ்சள் இருந்தாலும் கரையில கட்டிட்டு காத்திருங்க. போர்டு எடுத்த பிறகும் தண்ணி ஓட்டம் கொஞ்சம் இருக்கும், அதுக்குத்தான் மீதி எல்லாம்.

எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போடணும், நங்கூரம் கைக்கெட்டற இடத்துல இருக்கணும், கூரை மேல இருக்கிற சைக்கிள், தொட்டி எல்லாத்தையும் இறக்கிடுங்க. ஆக்ஸ்ஃபோர்ட்ல ஆஸ்னி பாலத்துக்கு அடியில சாதாரண நாள்லயே 2.28 மீட்டர்தான் இடைவெளி, தண்ணி ஏறினா அதுவும் குறையும்.

டில்லரை (பின்னாடி நின்னு சுக்கானைத் திருப்பற கைப்பிடி) வலது பக்கம் தள்ளினா போட்டோட மூக்கு இடது பக்கம் போகும், இது கைக்குப் பழகற வரைக்கும் பாலம் பக்கமே போகாதீங்க.

இப்போ ஓட்டத்தோட கீழ இறங்கறீங்கன்னு வைங்க. தேம்ஸ்லயே ராட்காட்ங்கிற ஊர்ப் பாலத்துல போட் போக ஒரே ஒரு சின்ன ஆர்ச்தான், அதனால தூரத்துலயே தண்ணியில மிதக்கற இலை, குச்சி எந்தப் பக்கம் இழுத்துட்டுப் போகுதுன்னு கவனிங்க, இடது தூண் பக்கம் இழுத்தா மூக்கை கொஞ்சம் வலது பக்கம் வச்சு நேராக்கிட்டே வாங்க. பயத்துல திராட்டிலை (எஞ்சின் வேகத்தை) மட்டும் குறைச்சிடாதீங்க!! புரொப்பெல்லர் தள்ளற தண்ணி சுக்கான்ல பட்டாத்தான் போட் திரும்பும், ரிவர்ஸ் போட்டாலோ பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு ஒதுங்கும், அதனால ஓட்டத்தை விட கொஞ்சம் வேகமாவே போகணும்.

எதிர்த்து மேல ஏறும்போது கன்ட்ரோல் ஜாஸ்தி. ஆனா கீழ இறங்கற போட்டால நிக்க முடியாது, அது வர்ற வரைக்கும் நீங்கதான் ஒதுங்கி நிக்கணும். ஆர்ச்சுக்குள்ள தண்ணி நெருங்கி வேகமா வரும், முன்கூட்டியே எஞ்சினைக் கூட்டிடுங்க.

தூணுல மோதப் போகுதுன்னா கை கால் நீட்டித் தடுக்காதீங்க, எலும்பு நொறுங்கிடும். குறுக்கால மாட்டிக்கிட்டா எல்லாரும் தூண் பக்கமா நகருங்க, ஓட்டம் வர்ற பக்கம் சாய்ஞ்சா தண்ணி உள்ள ஏறிடும்.

மூக்கு வெளிய வந்ததும் திருப்பத் தோணும், திருப்பினா பின்பக்கம் போய் தூணுல இடிக்கும். முழு போட்டும் வெளிய வந்த பிறகு டில்லரைத் தொடுங்க.