ரோட்டோர சென்சார் டேட்டாவ வச்சு ஆளுங்க கணக்கு எடுக்கறது எப்படி

சென்சார் டேட்டா கைக்கு வந்ததும் நிறைய பேரு முதல்ல செய்யறது வண்டிய எல்லாம் பிசியுவா, அதாவது ஒவ்வொண்ணும் எத்தனை காருக்குச் சமம்ங்கற கணக்கா மாத்தி கூட்டிப் போடறதுதான். சிக்னல் டைமிங், ரோடு அகலம்னா அது போதும், ஆனா ஜனங்க எப்படிப் போறாங்கன்னு மாடல் பண்ணணும்னா அங்கயே தப்பு ஆரம்பிச்சிடுது.

கணக்குக்கு ஒண்ணு வச்சுக்குவோம். சென்னை ஓஎம்ஆர் ரோட்டுல ஒரு இடத்துல ஒரு மணி நேரத்துக்கு 3,000 பைக், 1,000 கார், 500 ஆட்டோ, 40 பஸ். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட ஐஆர்சி 106 வழிகாட்டி படி பைக்குக்கு 0.75, காருக்கு 1, ஆட்டோவுக்கு 2, பஸ்ஸுக்கு 2.2 (பஸ் 5 சதவீதத்துக்கும் கீழ இருக்கறதால) போட்டா மொத்தம் 4,338 வரும், அதுல பஸ்ஸு வெறும் 88. இப்ப பைக்ல 1.3 பேரு, கார்ல 1.5, ஆட்டோல 2, பஸ்ல 50 பேருன்னு போட்டுப் பாருங்க, 8,400 பேரு, அதுல 2,000 பேரு அந்த 40 பஸ்லதான் நிக்கறாங்க, கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர், அவங்களை விட்டுட்டு என்ன பிளானிங்?

அதனால ஒரு வண்டில எத்தனை பேருங்கற எண்ணை எங்கயிருந்தோ காப்பி அடிக்காதீங்க, நேர்ல போய் எண்ணுங்க. அதே ரோட்டுல மத்திய கைலாஷ்லயோ எஸ்ஆர்பி டூல்ஸ்லயோ காலைல 8லருந்து 10 வரைக்கும் ரெண்டு பேரு நின்னா போதும். ஷேர் ஆட்டோவ தனியா எழுதுங்க, ஷேர் ஆட்டோவா ஓடற டாடா மேஜிக்க சென்சார் வேன்னு போட்டுடும், உள்ள எட்டு பேரு உக்காந்திருப்பாங்க.

நிக்கும்போதே சென்சாரையும் செக் பண்ணிடுங்க. ஓரமா கம்பத்துல மாட்டின ராடார்னா பஸ் ஸ்டாப் பக்கத்துல இருக்கான்னு பாருங்க, பஸ் நின்னா அதுக்கு அந்தப் பக்கம் போற பைக் எல்லாம் மறைஞ்சிடும். தார்ல புதைக்கற கம்பிச் சுருள், அதாவது லூப்பு, லேன் பிடிச்சு ஓட்டற ஊருக்கு செஞ்சது, நம்ம ஊர்ல ரெண்டு கார் நடுவுல மூணு பைக் புகுந்து போகும். நான் ஒரு இடத்துல 15 நிமிஷம் கையால எண்ணிப் பார்த்தப்ப எதுவுமே ஒத்துப்போகல, கடைசில பார்த்தா சென்சார் கடிகாரம் ஏழு நிமிஷம் பின்னாடி ஓடிட்டிருந்தது.

எண்ணிக்கை குறைஞ்சா வண்டி குறைஞ்சிடுச்சுன்னு எடுத்துக்காதீங்க, ஜாம்ல வண்டி நகரவே நகராது, அதனால எண்ணிக்கை விழும். வேகத்தையும் பக்கத்துல வச்சுப் படிங்க, ரெண்டும் சேர்ந்து விழுந்தா அங்க கூட்டம் பின்னாடி தேங்கி நிக்குது. ஐப்பசி மழைல இன்னொண்ணு நடக்கும், பைக்காரங்க எல்லாம் மேம்பாலத்துக்கு அடில ஒதுங்கிடுவாங்க, மழை விட்டதும் மொத்தமா கிளம்புவாங்க, அந்த நாளை தனியா எடுத்து வச்சுடுங்க.

எங்கயிருந்து எங்க போறாங்கங்கறதுதான் கஷ்டமான பகுதி. 20 பகுதியா ஊரைப் பிரிச்சா 380 ஜோடி வரும், கைல இருக்கறது 20 சென்சார்னா கணக்கு ஒரே விடைல நிக்காது. வீட்டு சர்வேயோ, பெரிய பகுதிக்கும் பக்கத்துப் பகுதிக்கும் அதிகம் பேரு போவாங்கன்னு கணக்கு போடற கிராவிட்டி மாடலோ வச்சு முதல்ல ஒரு அட்டவணை போட்டுக்கிட்டு, எண்ணிக்கை ஒத்துவர்ற அளவுக்கு அதை கொஞ்சம் கொஞ்சமா நகர்த்துங்க. ப்ளூடூத் ஸ்கேனர் இருந்தா ரெண்டு இடத்துல ஒரே கருவியோட ஐடி வர்றதை வச்சு ரூட்டு பிடிக்கலாம், ஆனா ஒரே செகண்டுல இருபது ஐடி சேர்ந்து ஓடினா அது இருபது கார் இல்ல, ஒரு பஸ்ஸு. ஐடியையும் நம்பர் பிளேட்டையும் அப்படியே சேமிக்காதீங்க, வேற குறியீடா மாத்தி, அதாவது ஹாஷ் பண்ணிட்டு மூலத்தை அழிச்சிடுங்க, அடுத்தவங்க தினசரி எங்க போறாங்கங்கறது நம்ம கைல இருக்கவே கூடாது.

கடைசில மாடல் நிஜ எண்ணிக்கையோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டற ஜிஇஎச் போட்டுப் பாருங்க: மாடலுக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கம் பண்ணி, ரெண்டால பெருக்கி, மாடல், எண்ணிக்கை ரெண்டையும் கூட்டின தொகையால வகுத்து, வர்க்கமூலம். ஒரு மணி நேரத்துக்கு நிஜத்துல 1,000 வண்டி, மாடல் 1,100ன்னா 3.1, பரவால்ல. 1,200ன்னா 6, திரும்ப உக்காரணும். இதுக்குன்னு ஒரு சென்சார் டேட்டாவ ஆரம்பத்துலயே தொடாம ஒதுக்கி வைங்க, பெருங்குடி பக்கம் ஒண்ணு இருந்தா ரொம்ப நல்லது. ஜிஇஎச் வண்டியத்தான் பார்க்கும், பஸ் ஆளுங்க கணக்குக்கு ஸ்டாப்ல நின்னு ஏறறவங்களையும் எறங்கறவங்களையும் இன்னொரு காலைல எண்ணித்தான் ஆகணும்.